சுண்டெலியின் காதைப் பார்த்தவருக்கு

எங்கள் அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய ஆய்வாளரே! அடியெடுத்து வைத்தால் ஓசை எழாத அக்காவே! எலிகள் வாழும் இடத்தில் ‘பூனையக்கா’ என்று பெயர் வாங்கி, அந்தப் பெயருக்கும் கோபிக்காத பெருந்தகையே! பணி நிறைவு பெறும் இந்நாளில், நரம்பு நோய் ஆய்வுப் பிரிவின் பணியாளர்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

உங்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு உங்களையே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூனையக்கா இங்கே சேர்ந்த காலத்தில் இந்தத் தாழ்வாரத்தில் தொலைபேசி மணி அடிக்காது. சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். கதவு விளிம்புகளில் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை. சாவிக்கொத்தை வாசலிலேயே கைக்குட்டையில் சுற்றிவிட வேண்டும். காரணம், உள்ளே இருந்த சுண்டெலிகள். மனிதருக்கு வரும் வலிப்பை ஆராய்வதற்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்டவை. கூர்மையான ஓசை கேட்டால் கூண்டைச் சுற்றி வெறிபிடித்தாற்போல் ஓடும், பிறகு சாய்ந்து விழும், கால்கள் விறைக்கும். சில எழுந்திருக்காது. சோதனை நாளுக்கு முன்னால் ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் மாதக்கணக்கான வேலை பாழ்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. தும்மல் வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுவார். சண்டைகூடக் கிசுகிசுப்பில்தான் நடக்கும். இருவர் நெருங்கி நின்று பேசினால், கூட்டா பகையா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெண்கலக் குரல் படைத்த எங்கள் பழைய தலைவர், கோபம் வந்தால் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்க் கத்திவிட்டு வருவார். பூனையக்கா மட்டும் பிறவியிலேயே அப்படி என்பதுபோல் நடந்தார். பின்னால் வந்து நிற்பதே தெரியாது. பெயர் வந்தது அப்படித்தான்.

வீட்டில் அவருக்கு ஒரு தங்கை. பள்ளி நாளிலிருந்தே வலிப்பு. எந்த மாத்திரைக்கும் அது முழுதாக அடங்கவில்லை. வெளியே வேலைக்குப் போக முடியாததால், ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித் தருவதே தங்கையின் பிழைப்பு. அக்கா ஏன் இந்தத் துறைக்கு வந்தார் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

பல ஆண்டு உழைப்பில் பூனையக்கா ஒரு மருந்தை உருவாக்கினார். யோசனை அவருடையது. சோதனையை வகுத்தவரும் அவரே. அந்த நாளில் எலிகளின் தலைக்கு மேலே மணியை அடித்தவரும் அவரே. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மருந்து பெறாத எலிகள் ஓடின, விழுந்தன. மருந்து பெற்றவை நின்ற இடத்திலேயே நின்றன. ஒன்று முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

கேக் வந்தது. தலைவர் மேலிடத்துக்குச் செய்தி சொன்னார். முடிவை அறிவிக்க மறுநாளே கூட்டம் என்று முடிவாயிற்று. பூனையக்கா ஒரு வாய் கேக்கை மென்றுகொண்டு நின்றார். முகம் துடைத்த எலி அவர் மனதை விட்டுப் போகவில்லை. வலிப்பே வராத எலியானாலும் அந்த மணிக்குத் திடுக்கிட்டிருக்க வேண்டும். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் எலிகளின் கால்களைத்தான் பார்த்திருந்தோம். அவர் குனிந்து காதைப் பார்த்தார். எலிக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினார். ஓசை கேட்கும் எலிக்குக் காதுமடல் சட்டென்று துடிக்கும். துடிக்கவில்லை. அடுத்த கூண்டிலும் இல்லை. எல்லாக் கூண்டுகளையும் பார்த்து முடித்த பிறகே வெளியே வந்தார்.

“மருந்து வலிப்பை நிறுத்தலை. காதைக் கெடுத்திருக்கு. மணி அதுங்களுக்குக் கேட்கவே இல்லை.”

தலைவர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். தணிந்த குரலில்தான் பேசினார். ஆனால் தணிந்த குரல் எங்களுக்குப் பழக்கம். காது கெட்டிருந்தாலும் வலிப்பும் அடங்கியிருக்கலாமே என்றார். நாளைக்கு வலிப்பை மட்டும் சொல்வோம், காதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம் என்றார். இத்தனை வருட உழைப்பை ஒரே நாளில் தூக்கிப் போடுவதா என்றார். கடைசியில், தங்கையையாவது நினைத்துப் பார்க்கச் சொன்னார்.

“அவளைத்தான் நினைக்கிறேன் சார். அவ சம்பாதிக்கிறதே காதாலதான்.”

தலைவர் கெட்டவர் அல்லர். அவரே போய்க் கூட்டத்தை நிறுத்தச் சொன்னார். திரும்பி வந்து, கேக்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பாதி தின்றாயிற்று என்றோம். மீதியையும் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது.

வீட்டில் நடந்ததைத் தங்கையே பிற்பாடு எங்களுக்குச் சொன்னார். சோதனை அன்றுதான் என்று அவருக்குத் தெரியும். அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள், வலிப்பு நின்றதா என்று கேட்டார். நின்றது என்றுதான் நினைத்தோம், காது போயிருக்கிறது என்றார் அக்கா. தங்கை கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“காது வேணுமா, வலிப்பு நிக்கணுமான்னு என்னைக் கேட்டிருந்தா நான் எதைச் சொல்வேன்னு நினைச்சே?”

“தெரியலை.”

“எனக்கும் தெரியலை. நல்லவேளை, நீ கேட்கலை.”

ஹெட்போன் கம்பியைச் சுற்றிவைத்துக்கொண்டே, நாளைக்கு என்ன வேலை என்று தங்கை கேட்டார்.

“மொதல்லேர்ந்து.”

“அப்ப சாப்பிட்டுட்டுத் தூங்கு, போ.”

மறுநாள் பூனையக்கா முதலிலிருந்து தொடங்கினார். இங்கே எந்த மருந்தானாலும், இன்றுவரை, முதலில் காதைப் பார்த்த பிறகே மணி அடிக்கிறோம். பின்னால் வந்த ஒரு மருந்தில் காதும் துடித்தது, எலியும் விழவில்லை. அதற்குள் அவர் தலை நரைத்துவிட்டது. அந்த மருந்து இப்போது மனிதரிடம் சோதிக்கும் படியில் நிற்கிறது.

ஆசானே, தோழியே, இனி உங்கள் முகத்தைப் பார்த்தே பேசுகிறோம். அந்த மருந்து உங்கள் தங்கைக்கு வந்து சேரும் என்று இந்த மடலில் எழுத எங்களுக்கு ஆசை. எழுதியும் பார்த்தோம். பிறகு அடித்துவிட்டோம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்ல நீங்கள் எங்களைப் பழக்கவில்லை.

நீங்கள் இருவரும் நலமோடு நெடுங்காலம் வாழ்வீர்கள். இதை மட்டும் எந்தச் சோதனையும் செய்யாமல் சொல்லிவிடுகிறோம்.

என்றும் உங்கள் அன்பில்,
நரம்பு நோய் ஆய்வுப் பிரிவின் பணியாளர்கள்