மகள் கடித்த தழும்பு

ஈப்போவில் எலும்பு மருத்துவரைப் பார்க்க, மகனை மடியில் வைத்துக் காத்திருந்தேன். முன்வரிசையில் ஒருவர் சட்டைக் கையைச் சுருட்டி, பக்கத்திலிருந்த பெண்ணிடம் முன்கைத் தழும்பைக் காட்டினார்.

“இது என் மக கடிச்சது, அக்கா. அதனாலதான் அவ கால் பொழச்சுது.”

“என்னா கதைலா இது?”

“பள்ளிக்கூட காற்பந்துல மோதி இடுப்பு மூட்டு விலகிருச்சு. பக்கத்து ஊரு லகாட்ல சுளுக்கு எடுக்கிறவரு இழுத்துவிடுவாருன்னு அவளைத் தூக்கினேன். கடிச்சிட்டா. ‘யாரும் இழுக்கக்கூடாதுப்பா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்’னா.”

“கெட்டிக்காரிதான்.”

“மயக்கம் குடுத்துதான் மூட்டை உள்ள தள்ளினாங்க. லேட்டாயிருந்தா எலும்புக்கு ரத்தம் போகாதாம். ரத்தம் சரியா போகுதான்னு இன்னைக்கு ஸ்கேன்ல தெரிஞ்சிரும்.”

நானாயிருந்தால் அவள் பேச்சைக் கேட்டிருப்பேனா?

கதவு திறந்தது. அவர் மகள் ஊன்றுகோலில்லாமல் வந்தாள்.

“எலும்பு நல்லாருக்காம்பா. மெதுவா ஓட ஆரம்பிக்கலாமாம். இவங்ககிட்டயும் காட்டிட்டீங்களா? சட்டைக் கைய இறக்கிவிடுங்க.”

அவர் சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டினார்.