உச்சியில் நின்ற வெளிச்சம்

நோர்வூட் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன், மேடை லைட்டுகளை இயக்கும் பலகையைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

"லைட்டு அப்பாவுக்கு முன்னாடியே மரத்துல ஏறிருச்சு மச்சான்," என்றான் அவன்.

"என்னடா சொல்ற?"

"நேத்து தோட்டத்துக் கோயில்ல அர்ச்சுனன் தபசு கூத்து. எப்பவும் போல அப்பாதான் அர்ச்சுனன். தபசு மரத்துல அவரு ஏற ஏற, தலை திரும்புற லைட்டு நாலும் கூடவே ஏறுற மாதிரி பதிஞ்சு வச்சிருந்தேன்."

"நல்லதுதானே?"

"ஒத்திகைக்குத் தம்பிய ஏறச் சொன்னேன். அவன் பாடாம சரசரன்னு ஏறிட்டான். அந்த வேகத்தையே பதிஞ்சுட்டேன். அப்பா படிக்கு ஒரு பாட்டுப் பாடித்தான் ஏறுவாரு. சின்னப் புள்ளையில இருந்து பாக்குறேன், மறந்துட்டேன்."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"நிறுத்துனா எல்லாமே அணைஞ்சிரும். மனுசன் பாதி மரத்துல நிக்கிறாரு, எப்புடிடா அணைக்கிறது?"

பஸ் ஒரு வளைவில் சாய, மற்றவன் பலகை சரியாமல் பிடித்துக்கொண்டான்.

"அப்பறம்?"

"லைட்டு உச்சியில போய் நின்னுருச்சு. அவருக்கு அடுத்த படி தெரியல. இருட்டுல தடவித் தடவி எறங்கிட்டாரு."

"சனம் என்ன சொல்லுச்சு?"

"யாரு பாத்தா? மேலேருந்து எலுமிச்சம்பழம் போடுவாருன்னு, புள்ளயில்லாத பொம்பளைங்க முந்தானைய விரிச்சுக்கிட்டு அந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அப்பா பழத்த மடியில வச்சுக்கிட்டு, அவங்களுக்குப் பின்னாலேயே லயத்து வீட்டுக்கு நடந்து போறாரு."