ஆறு நாலு ஒண்ணு

— நோட்ட குடுன்னா குடு பிள்ள. ஏவே மாரியப்பன், ஒம்ம மவ என்ன இந்தப் பிடி பிடிக்கா?

— கொயந்த ஏட்டையா. பயந்துகினு கீது. செவந்தி, குடுத்துடு கண்ணு.

— தர மாட்டேன் நைனா.

— பத்து வயசுல இம்புட்டு அழுத்தமா? சண்ட நடக்குத நேரத்துல தண்டவாளத்து ஓரமா ஒக்காந்து, வார போற இஞ்சின் நம்பரெல்லாம் எழுதுதிய. யாருக்குவே? ஜப்பான்காரனுக்கா?

— ஜப்பான்காரனா! நான் தீப்பெட்டி கம்பெனில குச்சி அடுக்கறவன் சாமி. நம்ம இஞ்சின் நம்பர வச்சிகினு அவன் இன்னா பண்ணப்போறான், பூச பண்ணப்போறானா?

— வாய் நீளுதே.

— சும்மா ஒரு ஆட்டம் ஏட்டையா. கம்பெனி சங்கு ஊதினா நேரா இந்த திருவொத்தியூர் ரயில் கேட்டாண்ட வந்து குந்திக்குவோம். நான் நம்பர கூவுவேன், அது எழுதும். அஞ்சு வயசுலேர்ந்து இதான். எனக்கு நம்பரு மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது.

— நைனா! கூடூர் பாசஞ்சர்!

— எழுதிக்கோ கண்ணு. ஆறு... ஒண்ணு... நாலு!

— நில்லும். நானுந்தான பாத்தேன். ஆறு நாலு ஒண்ணுல்லா? எம் முன்னாலயே மாத்திச் சொல்லுதேரா? இது ஏதோ ரகசியக் கணக்கு. நடவே ஸ்டேஷனுக்கு.

— ஐயோ... செவந்தி, கேட்டுக்காரராண்ட ஓடிப்போயி ஏட்டையாக்கு ஒரு சொம்பு தண்ணி வாங்கியா. ஓடு, ஓடு... போய்ட்ச்சா? மெல்ல பேசுங்க. ஆறு நாலு ஒண்ணு எங்க வூட்டுக்காரி போன இஞ்சின்.

— எங்க போனா?

— குண்டு போடப்போறான்னு சித்திரையில ஊரே காலியாச்சே. முழுவாம இருந்தா. அவள மட்டும் கூடூர்ல அண்ணங்காரன் வூட்டுக்கு அனுப்பினேன். செவந்தி ஒரே அழுவ. அதே இஞ்சின் அம்மாவ இட்னு வரும்னு சொல்லி வச்சேன்.

— சரி.

— பிரசவத்துல பூட்டா. மச்சான் கார்டு போட்டானாம், எனக்கு வரவேயில்ல. அப்பால அவனே கம்பெனி வாசலாண்ட வந்து சொன்னான். மூணு மாசமாச்சு. இதாண்ட சொல்ல வாய் வரல. அந்த இஞ்சின் வந்தா நம்பர மாத்தி கூவிடறேன்.

— எத்தன நாளைக்குவே இப்படி?

— தெரியல ஏட்டையா. ஒண்ணும் பிரியல. ராவெல்லாம் ரோசன பண்றேன், ஒண்ணும் பிரியல.

— இந்தாங்க ஏட்டையா, தண்ணி. நோட்டு காட்றேன். உங்களுக்கு மட்டும். நைனா தள்ளி போட்டும்.

— போம்வே, அந்த வேப்பமரத்துப் பக்கம் போயி நில்லும்... ம், குடு பிள்ள. இதென்ன, ஆறு நாலு ஒண்ணுன்னு சரியால்லா எழுதிருக்க? ஒங்கப்பன் வேறல்லா சொன்னான்?

— வந்தத எழுதினேன். இத்தோட எட்டு தபா வந்துட்ச்சு.

— நடுவுல இது என்ன கார்டு? கூடூர் முத்திர குத்தி...

— மெல்ல பேசுங்க ஏட்டையா. நைனாக்கு எழுத்து தெரியாது, நான்தான் படிச்சேன். சொல்லிடாதீங்க. பாவம், அம்மா வரும்னுதான் நைனா டெய்லி இங்க வந்து குந்திகினு கீது.