கல்லைத் தட்டிச் சிரிக்கிறவர்கள்

— மெதுவாத் தட்டும்மா. எழுந்துடப் போறார்.

— ஐயோ... நான் தட்டல. சும்மா கை வெச்சுப் பார்த்தேன்.

— தட்டினாலும் தப்பில்ல. வர்றவங்க எல்லாரும் தட்டத்தான் செய்யறாங்க. டொக், டொக். ரேடியோவுல வர்ற மாதிரியே அவங்களே ‘யாரது?’ன்னு கேட்டு, அவங்களே ‘சித்தப்பாடா!’ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. பாதிப் பேர் சிரிச்ச வாயோட அழுதுடுவாங்க. நீயும் ரேடியோ சித்தப்பாவைப் பார்க்கத்தானே வந்த?

— ம்... அப்படித்தான் வெச்சுக்குங்க. பேர் பெத்தவங்க கல்லறைக்கெல்லாம் போவேன். அவங்க வாழ்க்கையைப் படிச்சுட்டுப் போய், பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவேன்.

— நல்ல பொழுதுபோக்கு போ! ஊர்ல கடைத்தெரு இல்ல, சினிமாக் கொட்டகை இல்ல?

— சிரிக்காதீங்கக்கா. போன மாசம் ஒருத்தரைப் பார்த்தேன். ஏறாத மலை இல்ல. கல்லுலயே மலை செதுக்கியிருக்கு. எப்படிச் செத்தார் தெரியுமா? குளியலறையில சோப்பு வழுக்கி.

— அடக் கடவுளே!

— அதுக்கு முன்னால ஒரு டாக்டர். ‘ஆயிரம் உயிரை உலகத்துக்கு அழைத்து வந்த கை’ன்னு எழுதியிருக்கு. பக்கத்துல ஒரு சின்னக் கல்லு. அது அவர் பொண்டாட்டி. தலைப்பிரசவத்துல போயிட்டாங்க. அன்னிக்கு அவர் வேற வீட்டுப் பிரசவத்துல இருந்தாராம்.

— ஐயய்யோ... இதையெல்லாம் எதுக்கும்மா தேடிப் போய்த் தெரிஞ்சுக்கற?

— தெரியல. கல்லுல எழுதினதும் வீட்டுல நடந்ததும் ஒண்ணா இருக்கற ஆள் யாராவது ஒருத்தர் கிடைக்க மாட்டாங்களான்னு...

— கிடைச்சாரா?

— இன்னும் இல்ல.

— அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்க. கொஞ்சம் நகரு, அந்த வாடின பூவையெல்லாம் அள்ளிக்கறேன்.

— நீங்க இங்க வேலை செய்யறீங்களாக்கா?

— வேலையா? நல்லாக் கேட்ட. நான் இவர் வீட்டுக்காரி.

— ...எவர் வீட்டுக்காரி?

— என்ன இப்படி முழிக்கற? ரேடியோ சித்தப்பாவோட வீட்டுக்காரி. நம்ப முடியலல்ல? எல்லாருக்கும் இப்படித்தான். உட்காரு, சொல்றேன். வீட்டுலயும் அவர் அப்படியேதான். கதவைத் தட்டிட்டுத்தான் உள்ள வருவார். வரும்போதே ஒரு சிரிப்பு. நான் அசந்து தூங்கிட்டா போர்வையை இழுத்து விடுவார்...

— போர்வையா?

— ஆமா. கால் வரைக்கும்.

— அக்கா... அவர் பொண்டாட்டி அவருக்கு முன்னாலயே போய்ச் சேர்ந்துட்டாங்க.

— அது... அது மூத்தவ. நான் ரெண்டாவது.

— ரெண்டாவதுன்னு யாரும் கிடையாதுக்கா.

— நீ யாரு? ரேடியோ ஆபீஸா?

— இல்ல.

— பின்ன போலீஸா? பூ வாங்கி வெச்சவங்க யார்கிட்டயும் நான் கை நீட்டினது இல்ல, சொல்லிட்டேன்.

— பயப்படாதீங்க. கல்லறைக்குப் போவேன்னு சொன்னேன்ல? போட்டோ எடுத்து, அவங்க கதையை எழுதி இன்டர்நெட்டுல போடுவேன். நிறையப் பேர் படிப்பாங்க. ரேடியோ சித்தப்பா கடைசி காலத்துல யார் கண்ணுலயும் படாம ஒதுங்கிட்டார். செத்ததே ரொம்ப நாள் கழிச்சுத்தான் வெளிய தெரிஞ்சுது. எங்க புதைச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. ‘இதோ, இந்தப் பேரில்லாத கல்லுதான், பேர் வேண்டாம்னு அவரே சொல்லிட்டார்’னு முதமுதல்ல எழுதினது நான்தான்.

— ...அடிப்பாவி. நீயா?

— நான்தான்.

— நீயா! உன்னை எத்தனை நாளா மனசுக்குள்ள தேடினேன் தெரியுமா? யாருடா இந்தக் காரியத்தைப் பண்ணினதுன்னு...

— திட்டத்தானே?

— அது எனக்கே தெரியல.

— அப்ப இங்க இருக்கறது உங்க வீட்டுக்காரர்தானே? நிஜமான வீட்டுக்காரர்.

— ஆமா. பஸ்ஸுல டிக்கெட் பரிசோதகர். போதுமா?

— போதும்க்கா. எனக்கு உங்ககிட்ட ஒரு உதவி வேணும். வர்ற ஞாயித்துக்கிழமை ரசிகருங்க எல்லாம் சேர்ந்து வராங்க. இந்தக் கல்லு மேல பளிங்குப் பலகை வைக்கப் போறாங்களாம். சித்தப்பா படம், தங்க எழுத்துல பேர், கீழ ‘அன்பே உருவானவர்’னு.

— தெரியுமே. வந்து அளவெடுத்துட்டுப் போனாங்க. என் காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க.

— அதை நிறுத்தணும். ‘இது என் வீட்டுக்காரர் கல்லறை’ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

— நான் ஏன் சொல்லணும்? வைக்கட்டும்.

— உங்க வீட்டுக்காரர் மேல இன்னொருத்தர் பேரா?

— வேற ஒருத்தர் பேராலயாவது அந்த மனுஷனுக்கு ஒரு நல்ல பேர் வரட்டுமே. தானா வர வழியே இல்ல.

— ஏன்க்கா, அப்படி என்ன பண்ணினார்?

— கதை கேக்கத்தானே ஊர் ஊராப் போற. என் கதையும் கேளு. அவர் வீட்டுலயும் டிக்கெட் கேக்கற ஆளு. எங்க போன, யாரைப் பார்த்த, ஏன் லேட்டு. பதில் சொல்லத் தடுமாறினா அபராதம்.

— அபராதம்னா?

— இந்தக் காது. அந்தப் பக்கம் வந்து பேசு, இதுல கேக்காது.

— அக்கா!

— பதறாத. பழைய கதை. செத்தப்போ கல்லு செதுக்கறவர் கேட்டார், ‘என்னம்மா பேர் போடணும்?’ அவரே, ‘அன்புக் கணவர்’னு போடலாமாங்கறார். நான் எழுந்து வந்துட்டேன். அப்புறம் இந்தப் பக்கம் தலை வெச்சே படுக்கல. ஒரு நாள் இங்க இருக்கற காவக்காரர் வீட்டுக்கே வந்து, ‘உங்க வீட்டுக்காரருக்குக் கூட்டம் அலை மோதுதே, நீங்க எட்டிக்கூடப் பார்க்கலியே’ன்னு கேட்டார்.

— ஐயோ...

— ஓடி வந்து பார்த்தா, கல்லு தெரியல, அவ்வளவு பூ! பேன்ட் சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷன் கல்லைக் கட்டிப் பிடிச்சு அழறார். ‘எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இவர்தான் எங்களைக் காப்பாத்தினார்’ங்கறார். இந்த மனுஷனா? காப்பாத்தினாரா?

— அவர் ரேடியோ சித்தப்பாவைச் சொல்லியிருக்கார்.

— எனக்கென்ன தெரியும்? வீட்டுக்குப் போனேன். படுத்தேன். தூக்கம் வரல. எனக்குத் தெரியாம ஊருக்கெல்லாம் நல்லது பண்ணியிருக்கார் போல, நான்தான் ஆளைச் சரியாப் புரிஞ்சுக்கலன்னு... ஒவ்வொரு அடியையும் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்னிக்கு நான் எதிர்த்துப் பேசியிருப்பேனோ. இன்னொரு நாள் சாப்பாடு லேட்டாயிருக்குமோ. ஒரு மாசம். ஒரு மாசம் அந்த மனுஷன் பக்கம் நின்னு என்னையே விசாரிச்சேன். அவர் படத்தைக்கூடத் துடைச்சு மாட்டினேன்.

— அக்கா, என்னை மன்னிச்சுடுங்க... இப்படி ஆகும்னு நான் நினைச்சுக்கூடப் பார்க்கல.

— அப்புறம் மறுபடி இங்க வந்தப்போ, ஒரு பொண்ணு கல்லை டொக் டொக்னு தட்டிச்சு. ‘சித்தப்பாடா!’ன்னு சொல்லிச்சு. அப்பத்தான் புரிஞ்சுது, ஆளு மாறிப் போச்சுன்னு. வீட்டுக்குப் போய் முதல் வேலையாப் படத்தைக் கழட்டினேன்.

— அப்பவே சொல்லியிருக்கலாமே?

— சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பொண்ணு, ‘நீங்க அவருக்கு யாரு?’ன்னு கேட்டுடுச்சு. எம்முகத்தைப் பார்த்து அவ்வளவு ஆசையா யாரும் எதையும் கேட்டதில்லம்மா. வாய் தானா சொல்லிடுச்சு.

— போர்வைக் கதையும்?

— அது நானா நெய்தது. ஆனா ஒண்ணு, அந்த சித்தப்பா எனக்கு ஆகாத ஆள் இல்ல. எங்க வீட்டுல ரேடியோ கூடாது. நான் சிரிச்சா அவருக்கு ஆகாது. ‘என்னத்தைப் பார்த்துப் பல்லை இளிக்கற?’ம்பார். பக்கத்து வீட்டுல சித்தப்பா நிகழ்ச்சி வைப்பாங்க. ஒரே சுவர்தான். சுவத்துல காதை வெச்சுக்கிட்டு, துண்டைச் சுருட்டிப் பல்லுல கடிச்சுக்கிட்டு... சத்தமில்லாம சிரிப்பேன் பாரு, வயிறு புண்ணாயிடும். அந்த அரை மணி நேரம் இல்லைன்னா நான் எப்பவோ கிணத்துல குதிச்சிருப்பேன்.

— நிஜமாவா?

— பொய் சொல்ற வயசா எனக்கு? சரி, சொன்னேன்தான். இது நிஜம். அதனாலதான் சொல்றேன், பலகையை வைக்கட்டும். அன்பே உருவானவர்னு போட்டா என்ன தப்பு? அது நிஜந்தானே அந்த சித்தப்பாவுக்கு?

— ...உங்களுக்கு நிஜந்தான்க்கா.

— எனக்குன்னா? வேற யாருக்கு இல்ல?

— விடுங்க.

— விட முடியாது. சொல்லு.

— ரேடியோவுல அந்தத் தட்டு கேட்டா ஊரே சிரிக்கும். அவர் வீட்டுக் கதவுல அந்தத் தட்டு கேட்டா, பிள்ளைங்க கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்குவாங்க. அவங்கம்மா மட்டும் போய்க் கதவைத் திறக்கணும். அப்புறம் யார் காலைப் பிடிச்சு இழுத்தாலும் வெளிய வரக்கூடாதுன்னு... தூசி மூக்குல ஏறினாலும் தும்மக் கூடாதுன்னு...

— அங்கயுமா!

— ம்.

— பொய் சொல்லாத. அந்தக் குரலா? அந்தக் குரல் உள்ள மனுஷனா கையை ஓங்குவான்?

— குரலுக்குக் கை தெரியாதுக்கா.

— எங்க படிச்ச இதை?

— எங்கயோ.

— எந்தப் புஸ்தகத்துல?

— ஞாபகம் இல்ல.

— ஐயோ... நான் இந்தப் பக்கம் துண்டைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சப்போ, அங்க குழந்தைங்க கட்டிலுக்கடியில... இவ்வளவு தெரிஞ்சவ, இடத்தை மட்டும் எப்படித் தப்பா எழுதின?

— தப்பா எழுதல. தெரிஞ்சுதான் எழுதினேன்.

— என்னது?

— இந்தக் கல்லைப் பார்த்தேன். பேர் கிடையாது, வருஷம் கிடையாது. பேர்கூட வேண்டாம்னு ஒருத்தர் படுத்திருக்கார்னா, எவ்வளவு அடக்கமானவரா இருப்பார்னு நினைச்சேன். அந்தப் பூவெல்லாம் யாராவது ஒரு நல்ல மனுஷனுக்குப் போகட்டும்னு...

— நல்ல மனுஷனா! ஊர்ல இத்தனை கல்லு இருக்க, பொறுக்கி எடுத்த பாரு ஒண்ணு! சிரிப்பு வருது எனக்கு. துண்டு எங்க?

— இன்னிக்குச் சத்தமாவே சிரிங்கக்கா. கேக்க ஆள் இல்ல.

— ஆள் இதோ கீழ இருக்காரே... ஐயோ, வயிறு வலிக்குது... ஏய், நீ ஏன் அழற?

— அழல. நீங்க சொல்லுங்க.

— சரி, ஞாயித்துக்கிழமை நானே சொல்லிடறேன். இங்க இருக்கறது டிக்கெட் பரிசோதகர், நான் அவர் பொண்டாட்டின்னு. ‘அன்பே உருவானவர்’ங்கற அந்த வார்த்தை இந்த மனுஷன் மேலயும் வேண்டாம், அந்த மனுஷன் மேலயும் வேண்டாம். திங்கக்கிழமையிலேருந்து எங்கிட்ட யாரும் பேச வர மாட்டாங்க. பரவாயில்ல.

— நான் வரேன்க்கா.

— உன் கதையெல்லாம் கேட்டா எனக்கு மூச்சு நின்னுடும். சோப்பு வழுக்கிச் செத்தவன், அது இதுன்னு. சரி, இருட்டறதுக்குள்ள இதைக் கொட்டிட்டு வந்துடறேன்.

— தினமும் எங்க கொட்டறீங்க?

— அதோ, சுவரோரம், அந்தப் புதர்கிட்ட ஒரு மண்மேடு தெரியுது பாரு. கல்லு இல்ல, ஒண்ணும் இல்ல. யாரோ நாதியத்தது. அங்க கொட்டினா கேக்க யாரும் வரப் போறதில்ல. ஏன், கொட்டக் கூடாதா?

— ...கொட்டுங்க.

— போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லிடு. அந்த சித்தப்பா நிஜமா எங்க இருக்கார்? நீ யாருன்னு நான் கேக்கல. அது உன் இஷ்டம். இடத்தை மட்டும் சொல்லு.

— எதுக்குக்கா? இவ்வளவு கேட்டப்புறமும்?

— கேட்டேன். கேட்டு நெஞ்சு ஆறல. ஆனா அது வேற, இது வேற. அந்தக் கட்டிலுக்கடியில இருந்த பிள்ளைங்க அவருக்கு ஒரு பூ வைக்க வேண்டாம். அவங்களை யாரும் கேக்க முடியாது. நான் சிரிச்சிருக்கேனே. அந்தச் சிரிப்புக்கு ஒரே ஒரு பூ நான் வைக்க வேண்டாமா?

— நீங்க தினமும் வெச்சுக்கிட்டுத்தான்க்கா இருக்கீங்க. அந்த மண்மேட்டுக்கு அடியிலதான் எங்கப்பா இருக்கார்.