பச்சை ஒயர்

இரவு எட்டு மணி. வேங்கிக்கால் ஏரிக்கரையைத் தாண்டி, புது மனைகளுக்குப் போகிற சாலை. மனைக்கல் நட்டிருக்கிறார்களே தவிர, வீடு என்று பார்த்தால் நாலைந்துதான். தெருவிளக்கு மூன்று கம்பத்துக்கு ஒன்று எரியும்… அன்றைக்கு அதுவும் இல்லை. அந்த வழியில் ஸ்கூட்டியில் தனியாகப் போனாள் ரேவதி.

நம் அருணகிரியின் அக்காதான். இதோ, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள். வாயைத் திறக்க மாட்டான். இதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் அவனே எழுந்து சொல்லட்டும்.

பயந்துகொண்டு போனாள் என்று நினைக்காதீர்கள். கோபத்தோடு போனாள். அறுபது நாளாக வயிற்றில் எரிகிற கோபம்.

அவள் புருஷன் குமரேசன் செத்து அறுபது நாள் ஆகியிருந்தது. அந்தக் காலத்து வீடியோ கேம் பார்லரில் ஆளுயர மெஷின் இருக்குமே, காசு போட்டு ஆடுவது… அதற்குள்ளிருக்கும் போர்டைக் கழற்றி, ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து, வீட்டு டி.வி.யில் ஆடுகிற மாதிரி மாற்றிக் கொடுப்பார்கள், குமரேசனும் அவன் கூட்டாளி சக்கரவர்த்தியும். ரமணாசிரமம் பக்கம் ஒரு காபி கடைக்காரர் அப்படி ஒன்று கேட்டிருந்தார். அதைச் செய்யும்போதுதான் ஷாக். பெட்டியைத் தொட்டவன் தொட்டபடியே போய்விட்டான்.

பெட்டிக்கு எர்த் இல்லை. அவ்வளவுதான் காரணம். ஒரு பச்சை ஒயர், ஒரு திருகு. அது இருந்திருந்தால், பெட்டியில் கசிந்த கரண்ட் அதன் வழியே தரைக்குப் போய், ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து ஆள் பிழைத்திருப்பான்.

கருமாதிப் பந்தியில் உட்கார்ந்து, வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சக்கரவர்த்தி சொன்னான்: "எத்தினி வாட்டி சொன்னேன், எர்த் குடுங்க எர்த் குடுங்கன்னு… கேக்கலியே மனுசன்." பந்தியே தலையாட்டியது. குமரேசனைப் பெற்ற ராணியம்மாளும் நம்பினாள். "எம் புள்ள அவசரக்காரன், அவசரத்துலயே பூட்டான்" என்று கீழ்பென்னாத்தூரில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அழுதாள்.

ரேவதி மட்டும் நம்பவில்லை. மிக்ஸிக்கு இரண்டு முள் ப்ளக் போட்டாலே சண்டைக்கு வருகிறவன் குமரேசன். அவள் இன்வெர்ட்டர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறவள். அவளுக்கே எர்த் பற்றிப் பாடம் நடத்துவான். அவனா மறப்பான்? சொல்லிப் பார்த்தாள். துக்கத்தில் பேசுகிறாள் என்று எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள். செத்தவனை முட்டாளாக்குவது எவ்வளவு சுலபம்… திரும்பி வந்து பதிலா சொல்லப்போகிறான்?

அந்தச் சக்கரவர்த்திதான் அன்று மத்தியானம் போன் செய்தான். வெட்கமில்லாமல்.

"அண்ணி, ஞாயித்துக்கிழம அந்த கேம் பொட்டிய குடுத்தாவணும். எந்த பவர் சப்ளை போட்டாலும் ட்ரிப் ஆவுது. எது சரின்னு வந்து பாத்து சொல்றீங்களா?"

எந்தப் பெட்டி புருஷனைக் கொன்றதோ அதற்குப் பவர் சப்ளை பொறுக்கித் தரவேண்டுமாம். நாக்கில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "வேல முடிச்சிட்டு வர்றேன்" என்றாள். அந்தப் பெட்டியை அவள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். குமரேசன்மேல் விழுந்த பழிக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

தகரக் கொட்டகை. ஒரு ட்யூப்லைட். உள்ளே சக்கரவர்த்தி ஒருவன்தான். மேசைமேல் அந்த இரும்புப் பெட்டி, பக்கத்தில் மூன்று பவர் சப்ளை.

முதலாவதைக் கையில் தூக்கினாள். ஸ்டிக்கரில் முப்பது ஆம்பியர். எடை கால் கிலோகூட இல்லை. "இது முப்பதா? பத்து தாங்கினா ஜாஸ்தி. தூரப் போடு." இரண்டாவது கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது. அந்தப் பழைய போர்டில் சத்தம் வர மைனஸ் அஞ்சு வோல்ட் வேண்டும். இதில் அது கிடையாது. மூன்றாவது நல்ல கனம். அஞ்சு, பன்னிரண்டு, மைனஸ் அஞ்சு, மூன்றும் உண்டு.

"இதுதான். இத முதல்லயே வாங்கியிருந்தா…" பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பச்சை ஒயரைத்தான் முதலில் எடுத்தாள். பெட்டியின் இரும்பில் வைத்துத் திருகை இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். அப்புறம் ப்ளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள்.

டப்.

ட்ரிப் விழுந்து கொட்டகை இருண்டது. போனில் டார்ச் அடித்து ட்ரிப்பைத் தூக்கிவிட்டாள். போர்டைக் கழற்றிவிட்டு, வெறும் பவர் சப்ளையை மட்டும் போட்டாள்.

டப்.

மீட்டர் வைத்துப் பார்த்தாள். கரண்ட் கசிவு துளியும் இல்லை. பவர் சப்ளை சுத்தம், பெட்டி சுத்தம். பைக்குள்ளிருந்து தன்னுடைய புது ப்ளக் ஒயரை எடுத்து மாட்டி, ட்ரிப்பைத் தூக்கினாள். ஸ்விட்ச்…

டப்.

இந்த முறை இருட்டில் ஒரு வாசனை வந்தது. சூடான ஈயமும் ரெசினும் சேர்ந்து புகைகிற வாசனை. யாரும் ஈயம் வைக்கவில்லையே… பற்றவைக்கிற கோல் ஆணியில் ஜில்லென்று தொங்குகிறது. அப்புறம் நற… நற… என்று பல்லைக் கடிக்கிற சத்தம். சக்கரவர்த்தி என்று ரேவதி நினைத்தாள். ரேவதி என்று அவன் நினைத்திருக்கிறான்.

"அண்ணி," என்றான் இருட்டிலிருந்து. "அந்த எர்த்தக் கழட்டி வுடுங்க. அப்பறம் ட்ரிப்பே ஆவாது. அன்னிக்கும் நான் அப்படித்தான்…"

சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

டார்ச்சை அவன் முகத்தில் அடித்தாள் ரேவதி. "அன்னிக்கு? அன்னிக்கு என்ன பண்ண நீ?"

"ஒண்ணுமில்ல அண்ணி… கொமரேசண்ணன்தான்…"

"எர்த்தக் கழட்டினது யாரு?"

"அதான் அவருதான்னு அன்னிக்கே சொன்னனே! சும்மா நோண்டாதீங்க. தள்ளுங்க, என் வேலய நானே பாத்துக்கிறேன்." ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். இடது கையைப் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டு பச்சை ஒயரின் திருகைத் திருகினான். திருகு கழன்று தரையில் விழுந்து உருண்டது. ரேவதிக்கு வந்த ஆத்திரத்தில் சுவரிலிருந்த ப்ளக்கை ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டாள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள். ட்ரிப் விழுந்து கிடக்கிறது. ப்ளக் அவள் கையில் இருக்கிறது.

"அண்ணி…" என்றான் சக்கரவர்த்தி. குரல் மாறியிருந்தது. "அண்ணி… கை வரல."

ம்ம்ம்ம்… என்று டிரான்ஸ்பார்மர் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம், அவன் உடம்பிலிருந்தே. இடது கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோள் உதறியது, தாடை உதறியது. முடி கருகுகிற நாற்றம். எதையாவது அணைக்க வேண்டும் என்று ரேவதியின் கண் சுவரெல்லாம் தேடியது. அப்புறம் தன் கையிலிருந்த ப்ளக்கைப் பார்த்தாள். மூன்று முள்ளும் காற்றில் நின்றன. அணைக்க அங்கே ஒன்றுமே இல்லை.

நீங்களும் நானும் என்றால் அலறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருப்போம். அவள் ஓடவில்லை. அறுபது நாள் கோபம் அவளை நிற்கவைத்தது. போனில் மாமியார் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரைத் திறந்தாள்.

"அத்த, லைன்லயே இருங்க. இவன் சொல்றத கேளுங்க." அவன் பக்கம் திரும்பினாள். "சொல்லு. யாரு கழட்டினது?"

"நா… நாந்தான்…" பல் அடித்துக்கொள்ள வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சு… மட்டமான சப்ளை… அவரு டீ குடிக்கப் போயிருந்தாரு… எர்த்தக் கழட்டினா ஓடுச்சு… சொன்னா திட்டுவாருன்னு… சொல்லல… அவரு வந்து கைய வெச்சாரு…"

திட்டு விழும் என்று! ஒரு திட்டுக்குப் பயந்து ஒரு உயிரைப் போகவிட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து வடை தின்றிருக்கிறான்.

ரேவதி அழவில்லை. யாருமில்லாத மேசைப் பக்கம் திரும்பி, புருஷனிடம் பேசுகிற மாதிரியே மெதுவாகச் சொன்னாள்: "போதுங்க. சொல்லிட்டான். விட்டுடுங்க."

உறுமல் நின்றது. சக்கரவர்த்தி தொப்பென்று தரையில் விழுந்தான். குனிந்து பார்த்தாள். மூச்சு இருந்தது. கண் திறந்துதான் இருந்தது, மேசைக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி.

போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ராணியம்மாள் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா அத்த?"

"கேட்டேம்மா… எம் புள்ள மேல தப்பில்ல. பாவி நானே அவன ஏசினேனே…" மூக்கை உறிஞ்சினாள். "ரேவதி, கொமரேசுவ கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லும்மா. இன்னும் வுடமாட்டேன், இன்னும் வுடமாட்டேன்னு உம் பக்கத்துல நின்னு கத்திக்கினே இருக்கிறான்… நீ பேசுறதே எனக்குச் சரியாக் காதுல வுழல."