தேடுபொறி காணாத கடை

அவையை அரவணைத்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! தலை நரைத்தும் தளராத பெரியோர்களே! கடையையும் குடும்பத்தையும் ஒருங்கே தூக்கிச் சுமக்கும் தாய்மார்களே! வலைத்தளம் வைத்தும் வாடிக்கையாளர் வரவில்லையே என்று வாடும் வணிகத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வலைத்தளம் கட்டுவது என் தொழில். ஆனால் இன்று நான் பேச வந்தது என் அக்காவைப் பற்றி. அக்காவும் அத்தானும் செயற்கைக் கால்கள் விற்கிறார்கள். என்னைக் கேட்காமலே ஒரு நிறுவனத்தைப் பிடித்து வலைத்தளமும் கட்டினார்கள். மூட்டு, பாதம், பட்டை எல்லாம் தரவுத்தளத்தில்! தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டினால், அந்தப் பொருளின் பக்கம் அப்போதே பிறக்கும். வந்தார்களா மக்கள்? கடையிலும் ஈ ஓட்டினார்கள், இணையத்திலும் ஈ ஓட்டினார்கள்!

ஒருநாள் மழைக்கு அக்கா கடையில் ஒதுங்கினார் ஒரு தாய். கூடவே மகள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், மாட்டியிருந்த செயற்கைக் கால் வளரவில்லை. கண்ணாடிக்குள் இருந்த சின்னஞ்சிறு பாதத்தைக் கண்டதும் தாய் அப்படியே நின்றுவிட்டார்.

"இது சின்னப் பிள்ளைங்களுக்கா?"

"எல்லா அளவும் இருக்கும்மா. வெப்சைட்லயே போட்டிருக்கோமே!"

"நான் பின்னாடி தெருதாங்க. மாசக்கணக்கா நெட்ல தேடறேன், உங்க கடை வரவே இல்ல. இவ வலி தாங்காம ஸ்கூலுக்கே போறதில்ல."

அந்த வாரமே பிள்ளைக்குக் கால் பொருந்தியது. அக்காவுக்கு மனம் பொருந்தவில்லை. மழை பெய்யாதிருந்தால்? நேராக என்னிடம் வந்தாள்.

"சரக்கு என்கிட்ட இருக்கு. அந்தப் பொண்ணு அடுத்த தெருவுல இருக்கா. நடுவுல எதுடீ மறிக்குது?"

எது மறித்தது? தேடுபொறி இணைப்பைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் போகும். கட்டத்தில் எதையும் தட்டிப் பார்க்காது. தட்டினால்தான் பிறக்கும் பக்கம், அதற்குப் பிறக்காத பக்கம்!

தளம் கட்டிய நிறுவனமோ, "விளம்பரத்துக்குக் கட்டுங்க மேடம், மேல வந்துடும்" என்றது.

"விளம்பரம் நின்னா நானும் மறைஞ்சிடுவேன். முதல்ல கடைக்குக் கதவு வைப்போம்" என்றாள் அக்கா.

வைத்தோம்! கேள்விக்குறியும் எண்ணுமாய்க் கிடந்த பக்க முகவரிகளை ஒழித்து, ஒவ்வொரு பொருளுக்கும் சொல்லால் ஆன நிலையான முகவரி தந்தேன். முகப்பிலிருந்து வகைக்கு, வகையிலிருந்து பொருளுக்கு இணைப்பு போட்டேன். தலைப்பெழுதும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். தரவுத்தளத்தில் இருந்தது 'பாத அலகு, வகை நான்கு'. எந்தத் தாய் அப்படித் தேடுவாள்? 'குழந்தைக்கான செயற்கைப் பாதம்' என்று மாற்றினாள். இப்படியே ஒவ்வொரு பக்கமாக!

"கை ஓய்ஞ்சு போச்சு, மிச்சத்த விட்டுடேன்" என்றார் அத்தான்.

"எதை விடறோமோ அதத்தான் ஒருத்தர் தேடிட்டு இருப்பார்."

பின்வரிசை அண்ணா என்ன கேட்கிறீர்கள்? மறுநாளே முதலிடம் வந்ததா? அண்ணா, விதைத்த கையோடு அரிவாளைத் தேடலாமா? வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை. அக்கா எழுதிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு காலை, தொலைபேசி அடித்தது. வெளியூர்க் கட்டடத் தொழிலாளி.

"அம்மா, என் செயற்கைக் காலோட பட்டை அறுந்து போச்சு. அதுக்கு என்ன பேருன்னு தெரியல. முட்டிக்குக் கீழ மாட்டுற பட்டைன்னு அடிச்சேன், உங்க கடை வந்துச்சு. அது இல்லாம வேலைக்குப் போக முடியாதும்மா."

அக்கா அளவைக் கேட்டுக் குறித்தாள். பேசி முடித்ததும், "கண்டுபிடிச்சுட்டாங்கடீ!" என்றாள். அத்தான் கணினியைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த பக்கத்தை எழுதத் தொடங்கினார்.

தோழர்களே! உங்கள் சரக்கை ஒருவர் அவருடைய சொல்லில் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் வரும் வழியைத் திறந்து வையுங்கள்! செவி தந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. இனி உங்களைத் தேடி வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து என் வணக்கம்!