பாதி நாள்

எழுதுங்க மேடம், நல்லா அழுத்தி எழுதுங்க. என் வீட்டுக்காரிய இந்த ஆஸ்பத்திரியிலேருந்து நாலாம் நாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஒன்பதாம் நாள் மறுபடி தூக்கிட்டு வந்து நிக்கிறேன். இதுக்கு மேல என்ன காரணம் வேணும் உங்க ஃபாரத்துக்கு?

கத்தலம்மா. என் தொண்டையே இப்படித்தான். பழைய கதவு, ஜன்னல் வியாபாரம். இடிக்கிற வீட்டுல நின்னு, சம்மட்டி சத்தத்துக்கு மேல விலை பேசற பொழப்பு. மெதுவா பேசினா எவன் காதுல விழும்?

அப்படியா? பார்த்து வீட்டுக்கு அனுப்பினவங்க முப்பது நாளுக்குள்ள திரும்பி வந்தா அது ஆஸ்பத்திரி தலையிலயா ஏறும்? ஒழுங்கா பார்த்தாங்களா இல்லையான்னு அத வச்சுதான் எடை போடுவாங்களா? பரவாயில்லையே, நம்ம கடை மாதிரியே இருக்கே. வித்த கதவு திரும்பி வந்துச்சுன்னா, ஒண்ணு மரம் சரியில்ல, இல்ல வித்தவன் சரியில்ல. எது சரியில்லன்னு எழுதிடுங்க, எனக்கென்ன பயம்.

எப்படி அடிபட்டுச்சுன்னா? கடையில சாத்தி வச்சிருந்த ரெட்டைக் கதவு சரிஞ்சு, இடது விலாவோட அமுக்கிடுச்சு. ரெண்டு எலும்பு விரிசல் விட்டுப் போச்சு. உள்ள மண்ணீரல்ல ஒரு கீறல்னாரு பெரிய டாக்டர். ஆபரேஷன் வேணாம், அசையாம கெடந்தா தானா ஆறும், ஆனா எட்டு நாள் என் கண்ணு முன்னால இருக்கணும்னாரு.

இருங்க, அதுக்குத்தான் வரேன். ஆமா, நாலுன்னு சொன்னது நான்தான். அந்த டிஸ்சார்ஜ் காகிதத்துல இருக்கறதும் என் கையெழுத்துதான், வேற எவன் போடுவான்? மார்க்கெட்டுல எனக்குப் பேரே பாதிவிலை. எவன் எதச் சொன்னாலும் என் வாய் தானா பாதியச் சொல்லும். பஸ்ஸுல தனக்கே அரை டிக்கெட் கேட்ட மனுஷன்னு மச்சான் நக்கலடிப்பான். டாக்டர் எட்டுன்னதும் நாலுன்னுட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

அவசரம் இருந்துச்சும்மா. ஒரு பள்ளிக்கூடத்த இடிக்கிறாங்க, நூத்தி இருபது ஜன்னல், மொத்தமா ஒரே லாட்டா எடுக்கணும். எந்த ஜன்னல் எந்தச் சட்டத்துல உட்காரும்னு அவ கண்ணாலயே அளந்துடுவா. எனக்கு டேப்பு புடிச்சாலும் வராது. வாய் என்னுது, கண்ணு அவளுது, அப்படித்தான் இருபத்திரண்டு வருஷமா கடை ஓடுது.

டாக்டர் லேசுல எறங்கல. வலி சுத்தமா நின்னிருந்தா பார்க்கலாம், இல்லன்னா எட்டுதான்னு சொல்லிட்டாரு. நாலாம் நாள் காலைல வந்தாரு, வயித்த அமுக்கினாரு, வலிக்குதான்னாரு. இல்லன்னுட்டா. தோள்பட்டையிலன்னாரு, உள்ள ரத்தம் கசிஞ்சா அங்கதான் வலிக்குமாம். அங்கயும் இல்லன்னுட்டா. அனுப்பிட்டாரு. அவரு கேட்டாரு, இவ சொன்னா. அவரச் சொல்லிக் குத்தமில்ல. மொதல்ல ஆஸ்பத்திரி மேல எழுதச் சொன்னேன்ல? அத அடிச்சிடுங்க.

வீட்டுலயா? மூணு ராத்திரியா அவ படுக்கவே இல்ல. செவுத்துல சாஞ்சு உட்கார்ந்தே தூங்கினா. ஏன்னு கேட்டா, காத்து நல்லா வருதுன்னா. ஜன்னல் இல்லாத செவுரு அது. நானும் தலைய ஆட்டிட்டு லாட்டப் பார்க்கப் போயிட்டேன். இன்னைக்குக் காலைல செருப்பு மாட்டக் குனிஞ்சவ, அப்படியே உட்கார்ந்துட்டா. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு.

இப்ப உள்ளதான் இருக்கா. ஸ்கேனுக்கு மூணாவது ஆளா போட்டிருக்காங்க. சின்ன டாக்டர் அமுக்கிப் பார்த்தாரு, வலிக்குதான்னாரு, லேசா தலைசுத்தல்தான், வலியெல்லாம் இல்லன்னுட்டா. அதான் அவசரமில்லன்னு மூணாவதா போட்டுட்டாங்க. நான் போய்ச் சண்டை போட்டேன், வெளிய தள்ளிட்டாங்க. வந்ததுலேருந்து எல்லார்கிட்டயும் எகிறிட்டிருக்கேன், இனிமே நான் சொன்னா எவன் நம்புவான்?

அதனாலதாம்மா உங்ககிட்ட சொல்றேன். அந்த நாலாம் நாள், டாக்டர் வர்றதுக்கு முன்னால நான்தான் அவகிட்ட சொன்னேன். எங்க அமுக்கினாலும் இல்லன்னு சொல்லு, மூஞ்சிய மட்டும் சுளிச்சிடாதன்னு. இப்பவும் கதவுக் கண்ணாடி வழியா என்னையே பார்த்துட்டு, இல்ல இல்லங்கறா. அந்தப் பேனாவ வச்சுட்டுப் போங்க. நான் படி எறங்கி வெளிய போயிட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு ஒரு தடவ கேட்டுப் பாருங்க, எங்க வலிக்குதுன்னு.